மடக்குக் கத்தியும் மடங்காத நம்பிக்கைகளும்

புதுக்கோட்டைச் சீமையின் எறி ஆயுதமான வளரியை மரத்திலும் செய்தார்கள், இரும்பிலும் செய்தார்கள், யானைத் தந்தத்திலும் செய்தார்கள். வடிவம் ஒன்றுதான். எறிந்து முயலை வீழ்த்த வைரம் பாய்ந்த மரமே போதும். தந்த வளரி முயலுக்காக அல்ல, பார்ப்பவர்களுக்காகச் செய்யப்பட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தில் பழைய ஆயுதங்களின் முன் நிற்கும் நாமும் முதலில் பார்ப்பது பிடியைத்தான். அலகு கடைசியில்தான் கண்ணில் படும்.

சட்டைப் பையில் அடங்கும் மடக்குக் கத்தி வாங்கும்போதும் இதுதான் நடக்கிறது. பிடியின் மினுமினுப்பையும் அலகில் பொறித்திருக்கும் பெயரையும் வைத்து விலை சொல்கிறார்கள். கத்தியின் குணத்தைத் தீர்மானிக்கிற சூடும், துவைச்சல் என்று கொல்லர்கள் சொல்லும் முக்கிக் குளிர்விப்பதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் கடைக்குக் கடை, வீட்டுக்கு வீடு சில நம்பிக்கைகள் உலவுகின்றன.

"காந்தம் ஒட்டினால் மட்டமான எவர்சில்வர்"

பாத்திரக் கடையில் பிறந்த சோதனை இது. அங்கே ஓரளவு செல்லும். சாப்பாட்டுப் பாத்திரம் செய்யும் 304 ரக எவர்சில்வரில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8 சதவீதம். அந்த நிக்கல்தான் உலோகத்தின் உள்ளமைப்பைக் காந்தத்துக்குப் பிடி கொடுக்காத நிலையில் வைத்திருக்கிறது. ஆனால் அதே தகட்டில் கார்பன் 0.08 சதவீதத்தைத் தாண்டாது. எவ்வளவு பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் அது கடினமாகாது. 1981 முதல் உற்பத்தி செய்துவரும் சேலம் உருக்காலையின் பெயரைச் சொல்லி, "சேலம் ஸ்டீல் கத்தி" என்று யாராவது நீட்டினால், அது பாத்திரத் தகடா என்று கேட்டுக்கொள்வது நல்லது. குழம்புச் சட்டிக்கு உகந்த உலோகம் மாங்காய் சீவ உதவாது.

கத்திக்கான எவர்சில்வர் வேறு சாதி. நிக்கல் அநேகமாக இருக்காது. கார்பன் அரை சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். காய்ச்சிக் குளிர்வித்ததும் அது இறுகும், காந்தத்தையும் இழுக்கும். ஆகவே கத்தியில் சோதனை தலைகீழ். ஓரிரு அபூர்வ ரகங்களை விட்டுவிட்டால், காந்தம் ஒட்டாத எவர்சில்வர் அலகைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஒட்டிவிட்டது என்பதற்காக நம்பிவிடவும் முடியாது. திருவிழாக் கடையில் விற்கும் மலிவான 420 ரகமும் காந்தத்தில் ஒட்டும்.

"எவர்சில்வர் துருப்பிடிக்காது, ஆனால் வெட்டாது"

இரண்டு பாதியும் பாதி உண்மை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913இல் உருக்கிய துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் 12.8 சதவீதம், கார்பன் 0.24 சதவீதம். அந்தக் கார்பன் கூர்மைக்குப் போதாது. பழகாத எஃகைப் பதப்படுத்தக் கொல்லர்களுக்கும் அப்போது தெரியவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரை ஊரே கேலி செய்தது. நூறு வருஷம் ஆகியும் அந்தக் கேலி மட்டும் மழுங்கவில்லை. இன்று பிரான்சின் ஒப்பினெல் மடக்குக் கத்திகளில் வரும் சுவீடன் நாட்டு 12சி27 ரகத்தில் கார்பன் 0.6 சதவீதம். பழத்துக்கும் கயிற்றுக்கும் பென்சிலுக்கும் அது குறைவே வைக்காது.

துருவைப் பொறுத்தவரை, குரோமியம் அலகின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலத்தைப் போர்த்துகிறது. உப்பு அந்தப் படலத்தைத் துளைக்கும். புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் கோட்டைப்பட்டினத்திலோ ஜெகதாப்பட்டினத்திலோ வலைக்கயிறு அறுக்கும் எவர்சில்வர் கத்தியில் ஊசிமுனைக் குழிகளாகத் துரு இறங்குவதைப் பார்க்கலாம். கடலை விட்டுத் தள்ளி இருப்பவர் ஊறுகாய்க்கு எலுமிச்சை நறுக்கிவிட்டு உப்போடு மடக்கிப் பையில் போட்டாலும் இதுவே நடக்கும். கடலுக்கென்றே கார்பனில் ஒரு பகுதியைக் குறைத்து நைட்ரஜனைச் சேர்த்த எஃகுகள் வருகின்றன. கடலில் இறங்காதவருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

கறுப்பு இரும்பு அலகு வாழைப்பூவையோ மாங்காயையோ தொட்டதும் கறுத்துப் போவதை விஷம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பூவின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் கலந்த கறை அது. பழைய காலத்து எழுதும் மையும் ஏறத்தாழ அதேதான். துடைத்து வைத்துப் பழக்கிய அலகில் படியும் அந்தச் சாம்பல் நிறம் சிவப்புத் துரு ஏறுவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தவும் செய்கிறது.

"எஃகு எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்லது"

கடினத்தை ராக்வெல் எண்ணில் சொல்வது வழக்கம். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் தன் பைக்கத்திகளை 55, 56 அளவிலேயே நிறுத்திக்கொள்கிறது. 60ஐத் தாண்டத் தெரியாமல் அல்ல. அதற்கு மேல் கடினம் ஏற ஏற, விளிம்பு மடங்குவதற்குப் பதில் கண்ணாடி போலச் சில்லுச் சில்லாகப் பெயரும். மடங்கிய விளிம்பைச் சமையல்மேடைக் கல்லில் நாலு இழுப்பில் நிமிர்த்தலாம். சில்லு பெயர்ந்த அலகை நெடுநேரம் தேய்த்தாக வேண்டும்.

பெயரை நம்புவதிலும் ஒரு பொறி உண்டு. "440 ஸ்டீல்" என்று பொறித்திருந்தால் கேள்வி அங்கேதான் தொடங்க வேண்டும். 440ஏ, 440பி, 440சி என்று மூன்று உண்டு. சி ரகத்தில்தான் கார்பன் ஒரு சதவீதத்தை எட்டும். எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பொறிக்கிறவர் பெரும்பாலும் சி ரகம் போட்டிருக்க மாட்டார். டி2 என்ற ரகத்தில் 12 சதவீதம் குரோமியம் இருந்தும் துருப்பிடிக்கிறதே என்று கேட்பார்கள். அதில் ஒன்றரை சதவீதம் கார்பன். குரோமியத்தில் பெரும்பங்கைக் கார்பனே பிடித்துவைத்துக்கொள்கிறது. மேற்பரப்பைக் காக்க மிஞ்சுவது கொஞ்சம்தான்.

எஸ்30வி போன்ற பொடி உலோக எஃகுகள் நெடுநாள் கூர் நிற்கும், மறுப்பதற்கில்லை. எஸ்30வியில் 4 சதவீதம் வனேடியம் சேர்கிறது. வனேடியம் கார்பைடு நம் கடைகளில் கிடைக்கும் அலுமினியம் ஆக்சைடு சாணைக்கல்லை விடக் கடினமானது. வைரத் தகடு இல்லாமல் அதைத் தீட்ட உட்கார்ந்தால் கல்தான் தேயும். பூந்தோட்டத்தில் நாள் முழுக்கக் காம்பு நறுக்கும் ஒருவருக்கு, சாயங்காலம் இரண்டு நிமிஷத்தில் கூர் ஏறும் சாதா எஃகே மேல் என்பது என் கட்சி.

"நெருப்புப் பொறி பறந்தால் நல்ல சாணை"

சைக்கிள் சாணைக்காரர் சக்கரத்தைச் சுழற்ற, பொறி மழையாகக் கொட்டுகிறது. பொறியின் கிளைப்பைப் பார்த்துக் கார்பன் கூடுதலா குறைவா என்று கொல்லர் சொல்லிவிடுவார், அது மெய். ஆனால் அந்தப் பொறிக்குப் பின்னால் மெல்லிய விளிம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது. சாதாக் கார்பன் எஃகு 220 டிகிரியில் வைக்கோல் நிறம் காட்டும், 300 டிகிரியை நெருங்கும்போது நீலம் பாயும். விளிம்பில் நீலம் தெரிந்தால், துவைச்சலில் ஏறிய கடினம் அந்த இடத்தில் இறங்கிவிட்டது என்று பொருள். அப்புறம் அந்தக் கத்தி தீட்டத் தீட்ட மழுங்கும். எஃகு மட்டம் என்று பழி சொல்வார்கள். மடக்குக் கத்தியின் அலகு மெல்லியது, சூட்டைத் தாங்க அதில் உடம்பு இல்லை. தண்ணீர் ஊற்றிக் கையால் தீட்டுவதே அதற்குச் சரி.

துவைச்சல் தண்ணீரில் ரகசிய மூலிகை சேர்க்கிறார்கள் என்ற பேச்சும் அடிபடுகிறது. திருப்பாச்சேத்தி அரிவாளின் பேருக்குக் கூட இப்படிக் கதை கட்டியிருக்கிறார்கள். கொல்லுப்பட்டறைகளில் பரவலாகப் புழங்குவது லாரிப் பட்டை. அந்த ஸ்பிரிங் எஃகில் கார்பன் 0.6 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பழுத்த அலகு எவ்வளவு வேகமாகக் குளிர்கிறது, பிறகு எவ்வளவு இளஞ்சூட்டில் இளக்கப்படுகிறது என்ற இரண்டில்தான் வித்தை. தண்ணீரும் எண்ணெயும் வேறுபடுவது குளிர்விக்கும் வேகத்தில். காந்தம் கூட உதவும். சுமார் 770 டிகிரியைத் தாண்டியதும் இரும்பு காந்தத்துக்கு ஒட்டாது, அதற்குச் சற்று மேலே கொண்டுபோய்த் துவைக்கலாம். காந்தம் இல்லாமல் நிறத்தைப் பார்த்தே அந்தக் கணத்தைப் பிடிக்கிற கண், பழக்கத்தில் வந்தது. லாரிப் பட்டை என்ற பேரே தரத்துக்குச் சான்று என்பவர்கள் இந்தக் கண்ணைத்தான் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். ஒரே பட்டையிலிருந்து அருமையான கத்தியும் வரும், உதவாக்கரையும் வரும்.

"நம் முன்னோரின் எஃகை இன்றுவரை யாரும் மிஞ்சவில்லை"

பெருமைக்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் மூசையில் வைத்து எஃகு உருக்கியதற்கு அடையாளங்கள் கிடைத்துள்ளன. வூட்ஸ் என்று ஐரோப்பா அழைத்த அந்த எஃகின் மாதிரிகள் பம்பாயிலிருந்து லண்டன் போயின. ஜார்ஜ் பியர்சன் 1795இல் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றி எழுதினார். அவருக்காக ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தித் தொழிலாளர் அதிலிருந்து அடித்துப் பார்த்தது வாள் அல்ல, ஒரு பேனாக்கத்தி. அடிக்க மிகவும் சிரமம், ஆனால் கூர் அருமை என்பது அவர் முடிவு. சவரக்கத்தி, அறுவைக்கருவிகளுக்கு ஐரோப்பாவின் மிகச் சிறந்த எஃகை விட இதுவே மேல் என்று அவர் தன் கடை விளம்பரத்திலும் போட்டுக்கொண்டார். சேலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்து பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1839இல் எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு கத்திகளுக்கு அது பெரிய திருப்பம்.

தவறு செய்தவர்களில் பெரியவர்களும் உண்டு. மைக்கேல் ஃபாரடே வூட்ஸின் ரகசியம் அலுமினியக் கலப்பில் இருப்பதாகக் கருதினார். உண்மையில் அது ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் வரை போகும் கார்பன். அலகில் ஓடும் நீர்வரிகளுக்கு வனேடியம் போன்றவற்றின் துளிக்கலப்பு காரணம் என்று அமெரிக்க உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவனும் கொல்லர் ஆல்ஃபிரட் பெண்ட்ரேவும் காட்டினார்கள். அவர்களே வெட்டிப் பார்க்கும் எந்திரத்தில் கத்திகளை ஒப்பிட்டும் பார்த்தார்கள். கடினம் குறைவாக ஒரே அளவில் வைத்தபோது வூட்ஸ் வகை சற்றே முந்தியது. இன்றைய எஃகுகளை முழுக்க இறுக்கிப் பதப்படுத்தியதும் அவை முந்திவிட்டன. 1795இல் உலகின் முதல்வரிசையில் இருந்தோம் என்பதே போதுமான பெருமை.

இன்று "டமாஸ்கஸ்" என்று அலைவரிகளோடு விற்கும் மடக்குக் கத்திகளில் அநேகமாக எதுவும் வூட்ஸ் அல்ல. இரண்டு எஃகுகளை அடுக்கி அடித்து அமிலத்தில் நனைத்தவை அவை. மலிவானவற்றில் வரி வெறும் அச்சு. சாணை பிடித்த இடத்தில் வரி அழிந்து, திரும்ப அமிலத்தில் நனைத்தும் தலைகாட்டாவிட்டால், அச்சு என்று முடிவு கட்டலாம்.

பிடியைப் பற்றிய சில கற்பனைகள்

உலோகப் பிடிதான் உறுதி என்பது முதல் கற்பனை. பித்தளை இரும்பை விடவும் கனம். சித்திரை வெயிலில் கிடந்தால் கையில் பிடிக்க முடியாது, ஈரக்கையில் வழுக்கும். டைட்டானியம் எஃகில் ஏறத்தாழ அறுபது சதவீதம் எடைதான், ஆனால் வழுக்கல் போகாது. மரப்பிடி சீக்கிரம் போய்விடும் என்பதும் முழுசாகச் சரியில்லை. ஒப்பினெல் மரப்பிடி 1890களிலிருந்து ஓடுகிறது. அதன் குறை வேறு. ஐப்பசி அடைமழையில் மரம் ஊதி, அலகைக் கவ்விக்கொள்ளும். காயவைத்தால் விட்டுவிடும்.

கண்ணாடி இழையும் எப்பாக்சியும் சேர்ந்த ஜி10 பிடியைப் "பிளாஸ்டிக்" என்று ஒதுக்குகிறார்கள். செல்போனுக்குள் இருக்கும் சர்க்யூட் பலகையும் அதே குடும்பம். சூடு, தண்ணீர், எண்ணெய் எதற்கும் அசையாது. துணியைப் பேக்கலைட் வகைப் பிசினில் இறுக்கிய மிக்கார்ட்டா ஈரத்தில் இன்னும் நன்றாகப் பிடி கொடுக்கும். பிளாஸ்டிக் என்றால் பயப்பட வேண்டியது பழைய செல்லுலாய்டுக்குத்தான். முத்துச்சிப்பி போல மின்னும் தாத்தா காலத்துப் பேனாக்கத்தியின் பிடி வயதாக ஆக நைட்ரஜன் ஆக்சைடு ஆவியை விடும். பெட்டிக்குள் பூட்டி வைத்தால் தன் அலகையும் பக்கத்துக் கத்தியையும் சேர்த்தே அரிக்கும். நெருப்பும் எளிதில் பற்றும்.

மான் கொம்புப் பிடி அதிர்ஷ்டம் என்று ரகசியமாக நீட்டுகிறவர்களிடம் கை வைக்க வேண்டாம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வாங்கியவரும் மாட்டுவார். எருமைக் கொம்பு போதும், அழகிலும் குறைச்சல் இல்லை.

கடைசியாக எண்ணெய். மடக்குக் கத்தியின் ஆணியில் நல்லெண்ணெய் விடுவார்கள். அது நாளடைவில் பிசினாக இறுகித் தூசியைச் சேர்க்கும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறையும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் போதும், சாப்பாட்டுக்குப் பயன்படுத்துமுன் அலகைத் துடைத்துவிட்டால் சரி. தேங்காய் எண்ணெய்க்கு வேறு வேலை இருக்கிறது. வடகாடு, கீரமங்கலம் பக்கத்துப் பலாவை அறுத்த பிறகு அலகிலும் ஆணி இடுக்கிலும் ஒட்டும் பாலைச் சோப்பு எடுக்காது, தேங்காய் எண்ணெய் தொட்ட துணி எடுத்துவிடும். பழத்தைத் தொடும் முன்பே அலகில் பூசிக்கொண்டால் துடைக்கிற வேலையும் பாதியாகும்.