உள்ளத்தில் நடக்கும் சண்டை

நமக்குத் தீங்கு செய்தவரை நினைத்து, இரவில் பாயில் படுத்தபடியே அவரோடு வாதாடுகிறோம். வெறும் எண்ணந்தானே என்று கருதுகிறோம். உடலோ அப்படிக் கருதுவதில்லை.

அமெரிக்காவின் ஹோப் கல்லூரியில் 71 மாணவ மாணவியரிடம் நடத்தப்பெற்ற ஆய்வொன்று 2001-இல் வெளியாயிற்று. தமக்குத் தீங்கிழைத்த ஒருவரை அவர்கள் மனத்தில் நிறுத்தினர். பகை பாராட்டுவதாகக் கற்பனை செய்தபோது நெஞ்சத் துடிப்பும் இரத்த அழுத்தமும் கூடின, புருவம் நெரிந்தது. மன்னிப்பதாகக் கற்பனை செய்தபோதோ அக்கொதிப்பு குறைவாகவே இருந்தது.

தீங்கிழைத்தவர் அங்கே இல்லை. அவருக்கு ஒன்றும் நேரவுமில்லை. வருந்தியது கற்பனை செய்தவரின் உடலன்றோ!

மன்னிக்கும் மனம் உடனே வராதிருக்கலாம். அவரும் தவறக்கூடிய மனிதரே என்று முதலில் எண்ணியேனும் பார்ப்போம். அது தீங்கை நியாயப்படுத்துவதன்று. நம் உள்ளத்துச் சண்டையை நிறுத்துவதாகும். இன்றிரவே தொடங்குவோமாக!