கிடர்பூரில் கப்பலேறியவர்களின் வழித்தோன்றல்கள்

அன்புள்ள கயலுக்கு,

கரீபியன் ஓவியர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்திருப்பதாக எழுதியிருந்தாய். கொல்கத்தாவில் இருக்கிறாய்; அந்தப் படிப்பைக் கிடர்பூரிலிருந்தே தொடங்கு.

ஹூக்ளிக் கரையில் சூரினாம் காட் என்றொரு படித்துறை. மூட்டையோடு நிற்கும் ஆண், பெண் சிலையை அங்கே பார்ப்பாய். அடிமை முறை ஒழிந்ததும் கரீபியன் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1838இல் விட்பி, ஹெஸ்பெரஸ் கப்பல்கள் கொல்கத்தாவிலிருந்து கயானாவுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போயின. பிறகு டிரினிடாட், சூரினாம் என்று நீண்ட அந்தப் போக்கு 1917 வரை ஓயவில்லை. பெரும்பாலோர் பீகார், உத்தரப் பிரதேச ஏழைகள். கப்பலேறும்வரை அவர்களைக் கிடர்பூர், கார்டன் ரீச் பக்கத்து டிப்போக்களில் வைத்திருந்தார்கள்.

ஆளுக்கொரு சீட்டு எழுதினார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், உயரம், உடம்பிலுள்ள தழும்பு எல்லாம் அதில் உண்டு. ஒருத்தி யாரைப் பிரிந்து வந்தாள், என்ன பாட்டுப் பாடுவாள் என்பதற்கு அதில் இடமில்லை. அந்த விடுபட்ட இடத்தில்தான் இன்றைய கலைஞர்கள் வேலை செய்கிறார்கள்.

1973இல் கயானாவில் பிறந்த சுசித்ரா மட்டாயைப் பார். அப்படிப் போனவர்களின் வழிவந்தவர். சிறுவயதில் கனடாவுக்கும் பிறகு அமெரிக்காவுக்கும் பெயர்ந்தவர். பெண்கள் உடுத்திப் பழசான புடவைகளைச் சேர்த்துப் பின்னிச் சுவரளவுக்குப் பெரிய படைப்புகளாக்குகிறார். சாயம் மங்கிய ஜரிகையும் நைந்த கரையும் அப்படியே தெரியும். 2019 ஷார்ஜா பியனாலே கலைக் கண்காட்சியிலும் அவர் படைப்பு இடம்பெற்றது.

நம் பக்கத்துக் கதையும் உண்டு. குவாதலூப் தீவின் கெல்லி சின்னப்பா மேரி, தன் முன்னோர் ஆப்பிரிக்கர் என்றே நினைத்து வளர்ந்தவர். அவர்கள் தென்னிந்தியாவிலிருந்து போன கூலிகள் என்று பெரியவரான பிறகே அறிந்தார். அவர் வரையும் பெண்களின் தோலில் செடிகொடிகள் படர்ந்திருக்கும். விட்டுவந்த மண்ணுக்காக ஏங்கி வரையவில்லை அவர். போய்ச் சேர்ந்த மண்ணும் உடம்பில் ஊறிவிட்டதைக் காட்டுகிறார்.

இருவரிடமும் நீ கற்க வேண்டியது இதுதான்: அடையாளம் என்பதைப் பொதுவாகப் பேசாதே, பொருளில் பிடி. இடம்பெயர்வைப் பற்றி வரைய நினைத்தால் கப்பலையும் கடலையும் முதலில் எடுக்காதே. ஒரு புடவையை எடு. யார் கட்டியது, எந்த ஊரில் வாங்கியது, ஏன் பத்திரப்படுத்தினார்கள் என்று விசாரி. விடை கிடைத்த பிறகு தூரிகையைத் தொடு.

அன்புடன்,
மாமா