அட்வான்ஸுக்கு முன் ஒரு துளை

அன்புள்ள இளம் பொறியாளருக்கு,

அடுக்குமாடிக் குடியிருப்புக்காக ஒரு ஏக்கர் நிலம் பார்க்கிறவர்கள் முதலில் போவது வழக்கறிஞரிடம். மூலப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம் என்று எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து, ஒரு வாரிசின் கையெழுத்து குறைந்தால்கூட அட்வான்ஸை நிறுத்திவிடுகிறார்கள். மண் பரிசோதனைக்கு ஆள் வருவதோ கிரயம் முடிந்து, மாடிகளின் எண்ணிக்கை முடிவான பிறகுதான். பணம் போட்டாகிவிட்டது, வரைபடம் தயார். அந்த நிலையில் மண் என்ன சொன்னாலும் ‘இந்த நிலம் வேண்டாம்’ என்ற முடிவை எடுக்க யாருக்கும் மனம் வராது. உங்கள் அறிக்கை ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு ஒரு சான்றிதழாகச் சுருங்கிவிடும். தரமான கருவியும் நேர்மையான ஆய்வகமும் இருந்தும் வீடுகள் விரிசல் விடுவதற்கு இந்த வரிசைக் கோளாறு முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். பத்திரத்துக்கு வில்லங்கம் பார்ப்பதைப்போல மண்ணுக்கும் அட்வான்ஸுக்கு முன்பே பார்க்க வேண்டும். உங்களிடம் நான் வற்புறுத்த விரும்புவது இது ஒன்றைத்தான்.

சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். கிண்டி, பரங்கிமலைப் பக்கம் சார்னோக்கைட் பாறை. பெசன்ட் நகர், திருவான்மியூர்க் கரையில் மணல். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நீரில் ஊறிய களிமண். இவ்வளவும் சில கிலோமீட்டருக்குள். ‘பக்கத்து மனையில் ஐந்து மாடி நிற்கிறதே’ என்பது இங்கே ஒரு சான்றே ஆகாது. இயற்கையின் வேறுபாடு போதாதென்று மனிதர்கள் செய்ததும் சேர்ந்திருக்கிறது. புறநகர் மனைகள் பலவும் நேற்றுவரை வயல்கள். அங்கே தூர்த்த கிணறு இருக்கும், செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம் இருக்கும், இடிபாடு கொட்டி மூடிய வாய்க்கால் இருக்கும். கட்டடம் முழுவதும் ஒரே அளவில் இரண்டு விரல்கடை இறங்கினால் குடியிருப்பவருக்குத் தெரியாமலே போகலாம். ஒரு மூலை கெட்டி மண்ணிலும் மறு மூலை தூர்த்த கிணற்றின் மேலும் நின்றால் சுவர் பிளக்கும். எனவே துளையிடும் வண்டி வருவதற்கு முன் பழைய வருவாய்த்துறை வரைபடங்களையும் பல ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களையும் அடுக்கிப் பாருங்கள். அந்த நிலத்தை உழுதவர்களிடம் கிணறு எங்கே இருந்தது, ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் எதுவரை நிற்கும் என்று கேளுங்கள். செலவே இல்லாத இந்த வேலைதான் எங்கே துளையிட வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லும்.

ஏறத்தாழ ஒரு ஏக்கர் கட்டட மனைக்கு நான்கு மூலைகளிலும் நடுவிலுமாக ஐந்து துளைகள் போதும் என்றது ஐ.எஸ். 1892 என்ற இந்தியத் தர நெறி, அதன் 1979 பதிப்பில். சீரான மண்ணுக்கு அது சரி. சந்தேகமுள்ள இடம் மூலையிலும் இல்லாமல் நடுவிலும் இல்லாமல் இருந்தால் ஆறாவது துளை அங்கே விழ வேண்டும். 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்து, குழாய் கடைசி 30 செ.மீ. இறங்க எத்தனை அடி வாங்கியது என்று எண்ணுவீர்கள். அந்த எண்ணை மட்டும் பார்த்துத் தாங்குதிறனை எழுதிவிடாதீர்கள். மே மாதத்தில் காய்ந்து இறுகிய மேல் களிமண் நல்ல எண்ணைக் காட்டும். நவம்பரில் அதே மண் வேறு. கரிசலானால் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும். ரூர்க்கியின் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடிப்பகுதி குமிழாக அகலும் பைல்களை (ஆழ அஸ்திவாரத் தூண்களை) பரப்பியது இத்தகைய மண்ணுக்காகத்தான். பரிசோதித்த தேதி, அன்றைய நிலத்தடி நீர்மட்டம், துளைகள் இருக்கும் இடம், நீரிலும் மண்ணிலும் உள்ள சல்பேட், குளோரைடு அளவு ஆகியவை இல்லாத அறிக்கை முழுமையானதல்ல.

இதற்கெல்லாம் மூன்று மறுப்புகள் வரும். ‘தி.நகரே ஏரிதான், விழுந்துவிட்டதா?’ என்பார்கள். உண்மைதான், 1920-களில் ஏரியைத் தூர்த்து உருவான பகுதி அது. ஏரி மண்ணில் கட்டவே கூடாது என்று நானும் சொல்லவில்லை. அங்கே முதலில் வந்தவை தோட்டம் சூழ்ந்த தாழ்ந்த வீடுகள். இன்று ஏரி மண்ணில் எழுப்ப நினைப்பவை பல மாடிகள். தவிர, கட்டடம் நின்றாலும் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வரும். 2015 டிசம்பரில் வேளச்சேரியும் முடிச்சூரும் மூழ்கியபோது அதைப் பார்த்தோம். ‘மண் கொட்டி உயர்த்திவிடலாம், பைல் போட்டுவிடலாம்’ என்பது அடுத்த மறுப்பு, மூன்றிலும் வலுவானது. பைல் பல இடங்களில் சரியான தீர்வுதான். ஆனால் ஒரு மீட்டர் உயரத்துக்குக் கொட்டிய மண் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1.8 டன் எடை. வழக்கமான குடியிருப்பின் ஒரு மாடி அதைவிடக் குறைவு. அதாவது, கட்டடம் வருமுன்பே களிமண்ணின் மேல் ஒரு மாடிக்கும் அதிகமான பாரத்தை ஏற்றியாகிவிட்டது. அந்தக் களிமண் ஆண்டுக்கணக்கில் அமுங்கும்போது பைல்களைப் பற்றிக் கீழே இழுக்கும். தாங்க வந்த பைல் மண்ணின் எடையையும் சேர்த்துச் சுமக்க நேரும். 2009 ஜூனில் ஷாங்காயில் 13 மாடிக் குடியிருப்பு ஒன்று உருக்குலையாமல் அப்படியே சாய்ந்து விழுந்தது. அதற்குப் பைல் இருந்தது. ஒரு பக்கம் நிலவறைக்குத் தோண்டிய பள்ளம், மறுபக்கம் தோண்டிய மண்ணின் குவியல். மண் பக்கவாட்டில் நகர்ந்து பைல்களை முறித்துவிட்டது. ஒரு தொழிலாளி இறந்தார்.

‘இன்னும் நமக்குச் சொந்தமாகாத நிலத்தில் எப்படித் துளையிடுவது?’ என்ற கேள்வியும் நியாயமானதே. நிலத்துக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி முதலில் இரண்டு துளைகள் போடலாம். மண் அறிக்கை பாதகமாக இருந்தால் அட்வான்ஸ் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம். அறிக்கை மோசமாக வந்தால் நிலத்தின் விலையைக் குறைத்துப் பேசவும் அது உதவும். மோசமான மண்ணைச் சரி என்று சொல்லும் அறிக்கையில் நீங்கள் கையெழுத்திட மறுத்தால் வேறொருவர் போட்டுவிடுவார் என்பதும் நடக்கக் கூடியதே. ஆனாலும் மறுத்ததற்கான காரணத்தைத் துளை எண்ணோடும் ஆழத்தோடும் எழுத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்தவர் தெரியாது என்று சொல்ல முடியாது. ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை, மேம்பாடு) சட்டம், 2016 கட்டுமானக் குறைகளுக்குக் கட்டுநரைப் பொறுப்பாக்குவது வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு. களிமண் அமுங்கி முடிய அதைவிட நீண்ட காலம் பிடிக்கலாம். வீடு வாங்கியவரின் வங்கிக் கடனோ பெரும்பாலும் 20 ஆண்டு ஓடும். பொறுப்பு தீர்ந்த பிறகு வரும் விரிசலுக்கான செலவு முழுவதும் அவர் தலையில்தான். அதனால் துளை விவரப் பதிவின் ஒரு நகல், வாங்குபவருக்குக் கொடுக்கும் ஆவணங்களோடு சேர வேண்டும் என்று ஒவ்வொரு திட்டத்திலும் கேளுங்கள். இப்போதைக்கு அதைக் கேட்கும் இடத்தில் இருப்பவர் நீங்கள்தான்.