நிறை எண் 46: பரப்பில் நடந்த வினையை மெய்ப்பிப்பது எப்படி?

நிறை நிறமாலைமானி பரப்பைப் பார்ப்பதில்லை. அதைவிட்டுக் கிளம்பிய மூலக்கூறுகளை மட்டுமே எண்ணுகிறது. அவை எங்கே பிறந்தன என்பதைச் சோதனையின் அமைப்புதான் மெய்ப்பிக்க வேண்டும். கார்ப் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கியில் நடப்பதையே எடுத்துக்கொள்வோம்: பிளாட்டினத்தின் மேல் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டையாக்சைடு ஆகிறது.

முதல் படி தூய்மை. 10⁻⁶ மில்லிபார் அழுத்தத்தில்கூட, மோதுவதெல்லாம் ஒட்டினால் சில நொடிகளில் பரப்பு மூடிவிடும். எனவே வெற்றிடக் கலத்தின் அழுத்தத்தை 10⁻¹⁰ மில்லிபார் அளவுக்கு இறக்குங்கள். ஆர்கான் அயனிகளால் பிளாட்டினப் படிகத்தைத் தாக்கித் தேய்த்து, ஆக்சிஜனில் சூடாக்கிக் கரியை எரித்து, பிறகு வெற்றிடத்தில் சூடாக்கிப் பரப்பைச் சீராக்குங்கள். இரண்டாவது படியாக, படிகத்தை 100 கெல்வினுக்குக் குளிர்வித்து, கனமான ஆக்சிஜன்-18 வாயுவைச் செலுத்துங்கள். அறை வெப்பநிலைவரை சூடாக்கினால் மூலக்கூறுகளில் ஒரு பகுதி வெளியேறும். மற்றவை பிளந்து அணுக்களாகத் தங்கும். மறுபடி குளிர்வித்த பிறகே சாதாரண கார்பன் மோனாக்சைடைச் செலுத்த வேண்டும். இந்த வரிசையை மாற்றக்கூடாது: முந்திக்கொண்டு நெருக்கமாக அமரும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன் பிளப்பதற்கு இடம் விடாது.

மூன்றாவது படி அளவீடு. படிகத்தை மானியின் வாய்க்குச் சில மில்லிமீட்டர் தொலைவில் நிறுத்தி, நொடிக்கு 2 அல்லது 3 கெல்வின் வீதம் சீராகச் சூடாக்கி, 28, 36, 44, 46 ஆகிய நிறைகளைப் பதியுங்கள். 28-ஐ மட்டும் நம்ப முடியாது: கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன், மானிக்குள் உடையும் கார்பன் டையாக்சைடின் துண்டு ஆகிய மூன்றுமே அங்கே விழும். 44 கலத்தின் சுவரிலிருந்தும் வரலாம். ஆனால் கார்பனின் 12, சாதாரண ஆக்சிஜனின் 16, கனமான ஆக்சிஜனின் 18 கூடிய 46, நாம் பரப்பில் வைத்த ஆக்சிஜனைச் சுமந்து வருகிறது. ஆக்சிஜனை மட்டும், கார்பன் மோனாக்சைடை மட்டும் செலுத்தி இரு வெற்றுச் சோதனைகளும் செய்யுங்கள். அவற்றில் 46 பெயரளவுக்கே இருக்க வேண்டும்.

வெளியேறிய நேரம் பிறந்த நேரமாகுமா என்று கேட்கலாம். கார்பன் டையாக்சைடு பிளாட்டினத்தில் வலுவாக ஒட்டுவதில்லை. உருவான உடனே கிளம்பிவிடும். ஆகவே இங்கே 46-இன் வளைவு வினையின் வேகத்தையே காட்டுகிறது. வலுவாக ஒட்டும் விளைபொருள்களுக்கு இந்த வாதம் செல்லாது. அவற்றைத் தனியே ஒட்டவைத்து, வெளியேறும் வெப்பநிலையை ஒப்பிட வேண்டும். வெற்றிடம் எங்கே, புகைக்குழாய் எங்கே என்பது இன்னொரு நியாயமான கேள்வி. அழுத்தம் கூடினால் பரப்பின் நிலையே மாறக்கூடும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு படியையும் தனியே அளந்தால்தான், மாறியது எது என்று கேட்கவே முடியும். இத்தகைய பொறுமையான பரப்பு ஆய்வுகளுக்காகவே கெர்ஹார்ட் எர்ட்ல் 2007-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.