ழாக் தாத்தியின் நகைச்சுவை

திரைப்படத்தில் நகைச்சுவை என்றதும் நாம் நடிகரையே நினைக்கிறோம். அவர் திரையில் தோன்றினால் சிரிப்பு. மறைந்தால் சிரிப்பும் மறைகிறது. பிரெஞ்சு நடிகரும் இயக்குநருமான ழாக் தாத்தி இம்முறையை மாற்ற முயன்றார். தாமே நடித்து இயக்கிய படங்களில் தம்மையே சிறிது சிறிதாக ஓரத்திற்கு ஒதுக்கிக்கொண்டார். அதனால் அவர் பெற்ற புகழும் பெரிது. இழந்த பொருளும் பெரிது.

பாரிசுக்கு அருகே லெ பெக் என்னும் ஊரில் 1907-இல் பிறந்தவர். படங்களுக்குச் சட்டமிடுவது குடும்பத் தொழில். இவருக்கோ ரக்பி ஆட்டத்தில் நாட்டம். ஆட்டக்காரர்களின் அசைவுகளைப் பேச்சின்றி நடித்துக் காட்டும் திறனே 1930-களில் இவரை அரங்க மேடைக்குக் கொண்டு சென்றது. 1949-இல் வெளிவந்த முதல் முழுநீளப் படத்தில் சிற்றூர்த் தபால்காரராக நடித்தார். அதை வண்ணத்தில் எடுத்தும், அப்புது வண்ணச் சுருளைப் பதிப்பிக்க முடியாமற் போகவே, முன்னெச்சரிக்கையாக உடன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படமே வெளிவந்தது.

1953-இல் முசியே யூலோ என்னும் பாத்திரம் பிறந்தது. நெடிய உருவம், வாயில் புகைக்குழாய், முன்சாய்ந்த நடை. பேச்சு மிகக் குறைவு. அப்படத்தின் தொடக்கத்தில் இரயில் நிலைய ஒலிபெருக்கி ஏதோ கரகரக்கிறது. மூட்டைகளுடன் கூட்டம் ஒரு நடைமேடையிலிருந்து மற்றொன்றுக்கு ஓடுகிறது. வண்டி வேறொரு நடைமேடையில் வந்து நிற்கிறது. விடுமுறைக்கு ஊர் திரும்பும் நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ! இங்கே நகைப்பூட்டுவது நடிகரன்று, ஓசை. ஓசையைத் தனியே பதிந்து சேர்ப்பதில் தாத்தி பெருங்கவனம் செலுத்தினார். 1958-இல் வந்த 'என் மாமா' படத்தில், மதிப்புள்ள விருந்தினர் வந்தால் மட்டும் தோட்டத்து மீன் சிலையிலிருந்து நீர் பீச்சும். சாதாரண ஆள் எனத் தெரிந்தால் உடனே நின்றுவிடும். அப்படத்திற்கு ஆஸ்கர் விருது கிடைத்தது.

பிறகு 'பிளேடைம்'. அதற்காகப் பாரிசின் புறத்தே கண்ணாடியும் இரும்புமாக ஒரு நகரையே கட்டினார். 70 மில்லிமீட்டர்ச் சுருளில், அண்மைக் காட்சிகளை அறவே தவிர்த்து எடுத்தார். யூலோ அதில் கூட்டத்தில் ஒருவர். அவரைப் போன்ற தோற்றமுடையோரும் குறுக்கே வந்து நம்மை ஏமாற்றுகின்றனர். எங்கே பார்ப்பது என்பதை நம்மிடமே விட்டுவிட்டார். உணவகத்தின் கண்ணாடிக் கதவு நொறுங்கிவிடுகிறது. காவலாளியோ கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு, இல்லாத கதவை மரியாதையுடன் திறந்து மூடுகிறான்! இக்காட்சியை முதன்முறை பார்க்கையில் தவறவிடுவோரும் உண்டு. என் கருத்தில் அதுவே அப்படத்தின் சிறப்பு.

1967-இல் வெளிவந்தபோது செலவுக்கேற்ற வருவாய் வரவில்லை. கடன் பெருகித் தம் படங்களின் உரிமையும் கைவிட்டுப் போயிற்று. கட்டிய நகரை இளம் கலைஞர்கள் பயிலும் இடமாக விட்டுவைக்க விரும்பினார், அதுவும் இடிக்கப்பட்டது. பின்னர் இரு படங்களே எடுத்தார், 1982-இல் மறைந்தார். முதற்படத்தின் வண்ணச் சுருளை அவர் மகள் சோஃபி மீட்டெடுக்க, 1995-இல் அது வண்ணத்திலேயே திரைக்கு வந்தது.