சம்பளமில்லா ஓ.டி. தொழில் கற்றுத் தருமா?

பொழுது விடியும் முன்பே மாரிக்குப்பத்தில் ரயில் நிரம்பத் தொடங்கிவிடும். சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று வழிநெடுகச் சாப்பாட்டுப் பையோடு ஏறுகிறவர்கள் பெங்களூரு வேலைக்குப் போகும் நம் கோலார் தங்கவயல் பிள்ளைகள். 2001-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு பல வீடுகளில் அடுப்பெரிவது இந்த ரயிலை நம்பித்தான். போக வர 150 கிலோமீட்டருக்கும் மேல். அவர்களிடம் போய், “இன்னும் ரெண்டு மணி நேரம் இரு, தொழில் கத்துக்கலாம்” என்கிறார்கள் முதலாளிகள்.

நம்பிக்கை: கூடுதல் நேரம் (ஓ.டி.) உழைத்தால் திறமை தானாக வளரும்.

உண்மை: பக்கத்து வீட்டுப் பையன் எட்டு மாதம் மாலை ரயிலை விட்டுவிட்டு ஓ.டி. இருந்து பில்களைக் கணினியில் ஏற்றினான். அந்த வேலை முதல் வாரத்திலேயே அவனுக்குக் கைவந்துவிட்டது. “ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யத் தெரியுமா?” என்று கேட்டேன். “அதை சீனியர்தான் பண்ணுவாருண்ணே” என்றான். உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் சகாக்களும் பெர்லின் வயலின் மாணவர்களைப் பற்றி 1993-இல் வெளியிட்ட ஆய்வு சொல்வதும் வெறும் நேரம் மட்டும் போதாது என்பதைத்தான். சிறந்த மாணவர்கள் அதிக நேரம் பயின்றார்கள், உண்மை. ஆனால் அது குறையைக் கண்டு திருத்திக்கொள்ளும் பயிற்சி. போதுமான தூக்கமும் அதோடு சேர்ந்திருந்தது.

நம்பிக்கை: கற்கிறவன் காசு கேட்கக் கூடாது.

உண்மை: 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் கற்கிறவருக்கே உதவித்தொகை தரச் சொல்கிறது. பயிற்சிக்குப் பயன்படும் அல்லது பொதுநலனுக்குத் தேவை என்று அதிகாரி ஒப்புக்கொண்டால் மட்டுமே அவரை ஓ.டி. செய்யவைக்கலாம்.

நம்பிக்கை: ஓ.டி.க்குச் சம்பளம் கேட்டால் விசுவாசம் இல்லை.

உண்மை: சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய ஊர் இது. சுரங்கத்துக்குள் 8 மணி நேரத்தைத் தாண்டினால் இரட்டைக் கூலி என்றது 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம். அந்தக் கூலியை வாங்கியதால் நம் பாட்டன்மாரின் உழைப்பு ஒரு குன்றிமணியும் குறைந்துவிடவில்லை.

தம்பி, தங்கச்சி, வீடு திரும்பும்போது இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். நேற்றுத் தெரியாத எது இன்று தெரிந்தது? என் வேலையைப் பார்த்துத் திருத்தியவர் யார்? பதில் இல்லையென்றால், கொடுத்தது உங்கள் நேரம், வளர்ந்தது முதலாளியின் லாபம்.

அந்தப் பக்கத்து வீட்டுப் பையன், தனக்கும் கற்றுத் தரும்படி துணிந்து கேட்டான். இப்போது மாதம் 20-ஆம் தேதி நெருங்கும்போது சீனியர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தாக்கல் செய்யக் கற்கிறான். அதுவும் வேலை நேரத்திலேயே.