சிறுமூளையின் ஜீன்களும் சுண்டெலியின் பயிற்சியும்

சுழலும் உருளையின்மீது சுண்டெலியை விட்டால் முதலில் சிறிது நேரத்திற்குள் தவறி விழுந்துவிடும். நாள்தோறும் பழக்கினால், உருளையின் வேகம் கூடியபோதும் விழாமல் நடக்கக் கற்றுக்கொள்ளும். இவ்விதப் பயிற்சியில் சிறுமூளைக்குப் பெரும்பங்கு உண்டு. அதில் ஜீன்களின் வேலை யாது?

1951-ஆம் ஆண்டில் எடின்பரோவில் பால்கனர் என்பவர், பிறவியிலேயே தள்ளாடி நடக்கும் சுண்டெலிகளை விவரித்தார். இக்குறைக்குக் காரணமான ஜீன் 1995-இல் கண்டறியப்பட்டது. வளரும் மூளையில் நரம்பணுக்கள் தத்தம் இடத்தை அடைய உதவும் ஒரு புரோட்டீனை அது உண்டாக்குகிறது. அப்புரோட்டீன் இல்லையேல் சிறுமூளை சிறுத்து, அதன் அமைப்பே குலைந்துவிடும். ஆயினும், நேரே நடக்க இயலாத பிராணி உருளையினின்று விழுந்தால் அது கற்கவில்லை என்று கூறுதல் பொருந்துமா? அசைய இயலாமை வேறு, கற்க இயலாமை வேறு. முதல் நாள் எவ்வளவு நேரம் நின்றது என்பதோடு, பின்னர் எவ்வளவு முன்னேறியது என்பதையும் தனியே கணக்கிட வேண்டுவது இதனாலேயே.

சிறுமூளையிலுள்ள பர்க்கின்யே அணுக்களை இருவகை நரம்பிழைகள் வந்து சேர்கின்றன. இரண்டும் ஒருங்கே தூண்டப்படின், மெல்லிய இணையிழைகளின் தொடர்பு நெடுநேரம் தளர்ந்து நிற்கும் என்பதை ஜப்பானிய விஞ்ஞானி மஸாவோ இட்டோவும் அவர் குழுவினரும் 1982-இல் காட்டினர். இத்தளர்ச்சிக்கு, குளூட்டமேட் என்னும் பொருளை ஏற்கும் ஒரு புரோட்டீன் துணைபுரிகிறது. அதன் ஜீனை நீக்கிய சுண்டெலிகள் 1994-இல் ஆராயப்பட்டன. சிறுமூளையின் பொது அமைப்பில் பெருங்குறை இல்லை. ஆனால் நடை தள்ளாடியது, தளர்ச்சியும் குன்றியது. குறிப்பிட்ட ஒலியைத் தொடர்ந்து கண்ணருகே உறுத்தல் நேருமென அறிந்து, ஒலி கேட்டதுமே இமையை மூடும் பழக்கமும் அவற்றிற்குச் சரிவர வரவில்லை. கால்களின் நிலை குறுக்கிடாத பரீட்சை இது என்பதே இதன் சிறப்பு.

எனினும், ஜீன் உடல் முழுவதிலும் நீக்கப்பட்டமையால் குறை எவ்விடத்தது என்ற ஐயம் எஞ்சியது. 2000-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் அந்த ஜீனைப் பர்க்கின்யே அணுக்களில் மட்டும் மீண்டும் இயங்கச் செய்தனர். தளர்ச்சி திரும்பியது, அங்கங்களின் இசைவும் சீரடைந்தது.

இத்துடன் விவாதம் முடியவில்லை. தளர்ச்சி நிகழாதவாறு வேறு ஜீன்கள் மாற்றப்பட்ட மூவகைச் சுண்டெலிகள் இயல்பாகவே கற்றதாக 2011-இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் தலைமையில் வெளியான ஆய்வு கூறிற்று. அதற்கு முந்திய ஆண்டில் அவர்களே, பர்க்கின்யே அணுக்களில் மட்டும் வேறொரு ஜீனை நீக்கியிருந்தனர். அங்கே தொடர்பு வலுப்பெறுதல் தடைப்பட்டது, கற்றலும் குன்றியது.